ரேடியம் ஸ்டிக்கரில் ரேடியம் இருக்கா?

இந்த வார எபிசோடில் நேரம் பத்தாமல் விட்டுப்போன பகுதி இது.

டானிக் வாட்டர், அறைக் கூரையில் ஒட்டும் நட்சத்திரம், குளோ ஸ்டிக், பழைய ரேடியம் வாட்ச். நாலும் ஒளிரும். உள்ளே நடப்பதும் ஒன்றுதான்: எலக்ட்ரான் ஆற்றலை வாங்கி மேலே ஏறும், இறங்கும்போது அதை ஒளியாக விடும். இன்புட் எது, இறங்க எவ்வளவு நேரம் என்பதில்தான் வித்தியாசம்.

டானிக் வாட்டர்: அதிலுள்ள குவினைனுக்குப் புற ஊதாக் கதிர்தான் இன்புட். விளக்கை அணைத்ததும் ஒளி போயிடும்.

நட்சத்திரம்: இன்புட் அறை வெளிச்சம். இப்போது பெரும்பாலும் ஸ்ட்ரோன்சியம் அலுமினேட். ஆற்றலைப் பிடித்து வைத்து மெதுவா விடுவதால் மணிக்கணக்கில் ஒளிரும்.

குளோ ஸ்டிக்: இன்புட் வேதிவினை. வளைத்து உடைத்ததும் ஹைட்ரஜன் பெராக்சைடு கலக்கும். வினை தீர்ந்தால் ஒளியும் தீர்ந்தது.

ரேடியம் வாட்ச்: ஒளிர்வது ரேடியம் இல்லை, துத்தநாக சல்பைடு. ரேடியத்தின் கதிர்வீச்சுதான் இன்புட்.

இங்கேதான் கவனிக்கணும். கதிர்வீச்சு பட்டுப் பட்டே துத்தநாக சல்பைடு கெட்டு, சில வருஷத்தில் முள் மங்கிடும். ஆனால் ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1600 ஆண்டுகள். ஒளி நின்றாலும் கதிர்வீச்சு நிற்காது. நம்ம பரமட்டா ஆற்றின் கரையிலேயே, ஹன்டர்ஸ் ஹில்லில், 1911 முதல் 1915 வரை ரேடியம் பிரித்தெடுக்கும் ஆலை இருந்தது. நூறு வருஷம் கழித்தும் அந்த மண்ணைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது.

ஊரில் வண்டியில் ஒட்டுகிற 'ரேடியம் ஸ்டிக்கர்'? அதில் ரேடியமே இல்லை. ஹெட்லைட் ஒளியைத் திருப்பி அனுப்புது, அவ்வளவுதான். ஆனால் தாத்தாவோட பழைய வாட்ச் கிடைத்தால், முள் ஒளிரலைன்னாலும் கழற்றிப் பார்க்காதீங்க. அந்தத் தூள் மூச்சில் போகக்கூடாது.