நாலாவது மாதிரி

டிசைன் படித்துவிட்டு இந்த ஆண்டு வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

திருவனந்தபுரத்தில் விஞ்ஞானி என்றாலே எல்லோரும் ராக்கெட் ஏவும் தும்பாவைத்தான் காட்டுவார்கள். நான் உங்களைப் பூஜப்புரைக்குக் கூப்பிடுகிறேன். ஸ்ரீசித்ரா மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் சாட்டல்மண்ட் அரண்மனை வளாகம் அங்கேதான் இருக்கிறது. இதய அறுவை மருத்துவர் எம்.எஸ். வலியத்தானும், புவனேஸ்வர் முதலிய பொறியாளர்களும் நம் நாட்டுக்கென்று ஒரு செயற்கை இதய வால்வை உருவாக்கிய இடம். 2024 ஜூலையில் வலியத்தான் மறைந்தார். அவர் வேலையிலிருந்து நான் கற்றவை இவை.

1. யாருக்காகச் செய்கிறோமோ அவரைப் போய்ப் பாருங்கள். சாதாரணத் தொண்டைப் புண்ணில் தொடங்கும் ருமாட்டிக் காய்ச்சல் பிள்ளைகளின் இதய வால்வைச் சிதைத்துவிடக்கூடும். பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள். வெளிநாட்டு வால்வின் விலை அவர்களுக்கு எட்டாது. வலியத்தான் அந்த நெஞ்சுகளைத் திறந்து பார்த்தவர். விலையும் வடிவமைப்பில் சேர்ந்ததுதான் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

2. எத்தனை தடவை என்று எண்ணுங்கள். நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் வருஷத்துக்கு மூன்றரைக் கோடிக்கு மேல். அத்தனை முறையும் வால்வு திறந்து மூட வேண்டும். நான் ஒருமுறை அப்படி எண்ணவில்லை. ஒரு மருத்துவமனைக்காக மருந்துப் பெட்டி ஒன்று செய்தேன். அதன் தாழ்ப்பாளை என் மேசையில் இருபது தடவை திறந்து பார்த்துத் திருப்திப்பட்டுவிட்டேன். செவிலியர் அதை ஒரே ஷிப்டில் அதைவிட அதிகம் திறப்பார். மூன்றாம் மாதமே கழன்று கையோடு வந்தது. அவர் அந்தத் துண்டைக் காகிதத்தில் மடித்து என்னிடம் கொடுத்தார். இன்னும் வைத்திருக்கிறேன்.

3. பிடித்த பொருளைக் கைவிடப் பழகுங்கள். இதுதான் கடினம், அதனால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். அந்த வால்வு ஐந்து ரூபாய் நாணயம் அளவு. உலோக வளையம், அதற்குள் சாய்ந்து திறக்கும் ஒரு வட்டத் தட்டு, தையல் போடச் சுற்றிலும் பாலியஸ்டர் துணி, அவ்வளவே. அந்தத் தட்டுக்கு நீலக்கல் வகைப் படிகத்தைக்கூட முயன்றார்கள். கடினம், வழவழப்பு, தேயாது. யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் தட்டு மட்டும் தேயாமல் இருந்து என்ன பயன், அது உரசும் இடமும் தாங்க வேண்டுமே. மூன்று மாதிரிகளை வருஷக்கணக்கில் உழைத்துச் செய்து, சோதித்து, ஒதுக்கினார்கள். நாலாவதில் செயற்கை இடுப்பு மூட்டுக்குப் போடும் வகைப் பிளாஸ்டிக் தட்டு வந்தது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். இன்று ஒரு லட்சம் பேருக்கு மேல் பொருத்தியாகிவிட்டது.

4. ஒட்டு போடும் இடத்தைச் சந்தேகியுங்கள். பியார்க்-ஷைலி என்ற அமெரிக்க வால்வின் ஒரு வகையில், தட்டைப் பிடித்திருக்கும் பற்றவைத்த கம்பி முறிந்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். 1986-இல் அதைச் சந்தையிலிருந்து எடுத்தார்கள். சித்ரா வால்வின் சட்டத்தில் பற்றவைப்பே இல்லை. ஒரே உலோகத் துண்டில் கடைந்தது.

5. காதையும் கேளுங்கள். கடினமான தட்டுள்ள வால்வு பொருத்தப்பட்டவர்களில் பலர் ராத்திரி படுக்கையில் தங்கள் நெஞ்சின் 'டிக் டிக்'கைக் கேட்டுக்கொண்டே கிடப்பார்கள். சில சமயம் பக்கத்தில் படுப்பவருக்கும் கேட்கும். பிளாஸ்டிக் தட்டு மூடும் சத்தம் மெல்லியது. உங்கள் அடுத்த வரைபடத்தோடு, அந்தப் பொருள் ராத்திரி இரண்டு மணிக்கு என்ன சத்தம் போடும் என்று ஒரு வரி எழுதி என்னிடம் கொண்டுவாருங்கள்.