கரும்பில் ‘டிராஷ்’ என்பது குப்பையா?

கரும்பை ஆலைக்கு ஏற்றும் விவசாயிகளுக்கு ‘டிராஷ்’ என்ற ஆங்கிலச் சொல் பழக்கமானதே. நகரத்து ஆங்கிலத்தில், குறிப்பாக அமெரிக்காவில், இதற்கு வீட்டுக் குப்பை என்று பொருள். ஆனால் உதிர்ந்த சருகு, ஒடிந்த சுள்ளி ஆகியவற்றுக்கும் அச்சொல் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. கரும்புக் காட்டில் அதன் பொருள் காய்ந்த சோகை. ‘டிட்ராஷிங்’ என்றால் சோகை உரித்தல்.

இதே சொல் ஆலை வாசலில் வேறு பொருள் பெறுகிறது. கரும்புக் கட்டோடு வரும் சோகை, கொழுந்தாடை, வேர், மண் எல்லாமே அங்கு டிராஷ்தான். சோகையில் சர்க்கரை இல்லை. அரைக்கும்போது சாற்றையும் உறிஞ்சிக் கொள்ளும். இதனால் சர்க்கரைக் கட்டுமானம் குறைகிறது. எனவேதான் எடையில் கழிவு பிடிக்கிறார்கள். வண்டி வாடகை கொடுத்துச் சருகை ஏற்றிச் சென்று, எடையிலும் இழப்பது இரட்டை நஷ்டம்.

வயலில் கிடந்தால் அதுவே உரம். சோகையை 5-ம் மாதமும் 7-ம் மாதமும் உரிப்பது வழக்கம். ஒரு ஏக்கரில் ஏறக்குறைய 4 டன் கிடைக்கும். டன்னுக்குச் சுமார் 4 கிலோ தழைச்சத்து உண்டு. ஆக ஏக்கருக்கு 16 கிலோ. இது 35 கிலோ யூரியாவில் உள்ள அளவு. தீ வைத்தால் தழைச்சத்து காற்றோடு போகும். சாம்பலில் சாம்பல்சத்துதான் மிஞ்சும். அவசரத்தில் கொளுத்துகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்ப்பது நல்லது.

மறுதாம்புக் கரும்பில் அடிக்கட்டை சீவிய பின் சோகையை ஒரு பார் விட்டு ஒரு பாரில் பரப்பலாம். ஈரம் காக்கும், களை அடங்கும், இளங்குருத்துப் புழுவும் குறையும். ஆனால் பச்சைச் சருகு மட்கும்போது நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். ஆகவே மேலுரத்தைத் தள்ளிப் போடக் கூடாது. கறையான் தொல்லை உள்ள நிலத்தில் சாணக் கரைசல் தெளித்து, குவித்து மட்கவைத்தே இட வேண்டும்.

பருத்தியிலும் இச்சொல் உண்டு. பஞ்சோடு ஒட்டிய இலைத்தூள், காய்ந்த பூவடிச் சருகு ஆகியவையே அங்கு டிராஷ். இது மிகுந்தால் விலை இறங்கும். வெயில் ஏறினால் சருகு நொறுங்கிப் பஞ்சில் ஒட்டும் என்பதால், காலை 10, 11 மணிக்குள் எடுப்பை முடித்துக்கொள்ள வேண்டும்.