திரை ஆளைத் தேடி வரட்டும்

போன ஆனி மாதம் அத்தையைக் கண் சோதனைக்கு அழைத்துப் போயிருந்தேன். திருநெல்வேலியில் 1988 முதல் நடக்கிற அரவிந்த் கண் மருத்துவமனைக்கு. அத்தைக்குக் கூன் விழுந்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. ஸ்டூலில் உட்கார வைத்த பெண், "தாடைய இதுல வைங்கம்மா" என்றாள். அத்தைக்கு எட்டவில்லை. அந்தப் பெண் அத்தையை நிமிரச் சொல்லவில்லை. மேசையின் ஓரத்திலிருந்த சுவிட்சை அழுத்தினாள். மேசை மெல்ல இறங்கி அத்தையின் தாடைக்கு நேராக வந்து நின்றது. பிறகு கருவி தானாகவே முன்னும் பின்னுமாக அசைந்து, கண்மணியின் நடுவைப் பிடித்து, சில நொடிகளில் சீட்டை அச்சடித்துத் தள்ளியது.

எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. பாளையங்கோட்டையில் இருபத்திரண்டு வருஷமாக டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கொடை நோட்டீஸ், இப்போது ஆன்லைன் விண்ணப்பங்களும். இத்தனை வருஷமும் திரை இருந்த இடத்தில் இருந்தது. நான்தான் அதற்கு வளைந்துகொண்டிருந்தேன். என்னிடம் வேலை கற்றுக்கொண்ட பிள்ளைகளும் வளைந்தார்கள்.

திரை ஆளுக்குத் தக்கபடி நகர வேண்டும் என்கிற எண்ணம் புதியதல்ல. 2002இல் ஆப்பிள் விற்ற ஐமேக்கில் அரைக்கோளப் பீடத்தின் மேல் ஓர் எஃகுக் கழுத்து இருந்தது. மோட்டார் கிடையாது, விரலால் தள்ளினால் தள்ளிய இடத்தில் நிற்கும். சாம்சங்கின் செரோ என்ற டிவி, கையிலுள்ள போனை நிமிர்த்தினால் தானும் நிமிரும். 2020 செப்டம்பரில் அமேசான் அறிவித்த எக்கோ ஷோ 10, பேசுகிறவர் குரலையும் உருவத்தையும் வைத்து அவர் பக்கம் திரும்பும். ஆனால் பக்கவாட்டில் மட்டும்தான், மேலும் கீழும் நாம்தான் சாய்க்க வேண்டும். கேமரா முகத்தைத் தேடிப் பிடித்து, மோட்டார் திரையைத் தூக்கி இறக்குகிற ஸ்டாண்டுகளும் வந்துவிட்டன. வாங்கப் போகிறவர்களுக்கும், வாங்க வழியில்லாமல் பழைய புத்தகங்களை மானிட்டருக்கு அடியில் அடுக்கப் போகிறவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

செய்ய வேண்டியவை

முதலில் ஆளை உட்கார வையுங்கள், திரை அப்புறம். பாதம் தரையில் முழுசாகப் படிய வேண்டும், முதுகு நாற்காலியில் சாய வேண்டும். அப்படி உட்கார்ந்துகொண்டு கையை நீட்டினால் விரல் நுனி திரையைத் தொடுகிற தூரம் சரி. அளவாகச் சொன்னால் 50 முதல் 100 சென்டிமீட்டருக்குள். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது அதற்குக் கொஞ்சம் கீழே இருக்கட்டும். நடுப்பகுதி கண் மட்டத்திலிருந்து 15 முதல் 20 பாகை தாழ்ந்திருந்தால் நல்லது. இது ஏன் முக்கியம் என்றால், நம் தலை ஏறக்குறைய ஐந்து கிலோ. 2014இல் நியூயார்க் முதுகெலும்பு மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் ஒரு கணக்குப் போட்டார். தலை 15 பாகை முன்னால் சாய்ந்தால் கழுத்தில் இறங்கும் பாரம் 12 கிலோ. 60 பாகை சாய்ந்தால் 27 கிலோ. ஒரு சிப்பம் அரிசியே 25 கிலோதான். அதைப் பிடரியில் வைத்துக்கொண்டு யாராவது பத்து மணி நேரம் உட்காருவார்களா?

தானாக நகரும் திரையாக இருந்தால், இப்படி நிமிர்ந்து உட்கார்ந்த நிலையில்தான் அதற்கு முதல் பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டும். அது எந்த நிலையை 'சரி' என்று பதிந்துகொள்கிறதோ அதையே தினமும் தேடும்.

பைஃபோகல் கண்ணாடி போட்டவர்களுக்குத் திரையை இன்னும் தாழ்த்துங்கள். இதைச் சொல்ல ஆளில்லாமல் நான் மூன்று வருஷம் கஷ்டப்பட்டேன். வெள்ளெழுத்து வந்து கண்ணாடி மாற்றிய பிறகு, கிட்டத்தில் படிக்கிற வட்டம் கண்ணாடியின் அடியில் இருக்கிறது. கண் மட்டத்தில் திரை இருந்தால் அந்த வட்டம் வழியாகப் பார்க்க முகவாயைத் தூக்க வேண்டும். தூக்கித் தூக்கி, குனிந்து வந்த வலி போய் அண்ணாந்து வந்த வலி வந்தது. முகத்தை மட்டும் பார்த்து உயரத்தை முடிவு செய்கிற கருவிக்கு மூக்கின் மேலிருக்கிற கண்ணாடி எந்த வகை என்று தெரியாது. அது 'சரி' என்று நிற்கிற இடத்திலிருந்து நாலு விரல் கீழே இறக்கிப் பாருங்கள். முடிந்தால் கணினித் தூரத்துக்கென்றே தனிக் கண்ணாடி எழுதி வாங்குங்கள். என் கழுத்துக்கு வழி பிறந்தது அதில்தான்.

தரையில் உட்காருகிறவர்களையும் கணக்கில் எடுங்கள். திரை பற்றிய அறிவுரையெல்லாம் மேசை நாற்காலிக்காரர்களுக்கே எழுதப்படுகிறது. முக்கூடல் பக்கம் ஒரு வளவுக்குள் போய்ப் பாருங்கள். மதியச் சோறு முடிந்து நாலைந்து பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். மடியில் சொளவு; அதில் இலை, தூள், நூல். பீடி சுற்றுகிற கை நிற்காது. எதிரே ஒரு செம்பில் சாய்த்து வைத்த போனில் சீரியல் ஓடும். கை வேலைக்கே தலை குனிந்திருக்கிறது. தரையிலிருக்கிற போன் அந்தக் குனிவை இன்னும் ஒரு சாண் ஆழமாக்குகிறது. "பொடதி வலிக்குய்யா, ராத்திரி திரும்பிப் படுக்க முடியல" என்று என் மதினி சொன்னபோது, போனை ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலின் மேல் தூக்கி வைத்துவிட்டு வந்தேன். இலையைப் பார்க்கக் குனிந்த தலை சீரியலைப் பார்க்கவாவது நிமிரும். இலைக்கும் திரைக்கும் மாறி மாறிப் பார்ப்பதால் கழுத்து ஒரே இடத்தில் இறுகிப் போவதும் குறைகிறது. மோட்டாரும் கேமராவும் இல்லாமல் இதைத்தான் நாம் இன்றைக்கே செய்ய முடியும்.

கொரோனா காலத்தில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் திரும்பி வந்த ஐ.டி. பிள்ளைகள் கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் வீடுகளில் ஊஞ்சல் பலகையிலும் அரிசி டின் மேலும் லேப்டாப் வைத்து வேலை பார்த்தார்கள். சிலர் இன்னும் அப்படியே தொடர்கிறார்கள். லேப்டாப்பைத் தூக்கி வையுங்கள், தனி கீபோர்டு ஒன்று வாங்கித் தாழ்வாக வையுங்கள். திரையும் கீபோர்டும் ஒட்டியிருக்கிற வரைக்கும் ஒன்று கழுத்து வலிக்கும், இல்லாவிட்டால் தோள் வலிக்கும்.

காற்றைப் பாருங்கள். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று நம் பக்கம் காற்றாலைகளையே சுழற்றுகிறது, கண்ணை விட்டுவைக்குமா? திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைந்துபோகிறது. திரை உயரமாக இருந்தால் இமை அகலத் திறந்து கண்ணீர் இன்னும் சீக்கிரம் காய்கிறது. ஜன்னலுக்கு எதிரே முகம் வைத்து உட்காராதபடி மேசையைத் திருப்புங்கள். மின்விசிறியும் நேராக முகத்தில் அடிக்க வேண்டாம்.

ஒரே கணினியில் இரண்டு பேர் மாறி மாறி வேலை பார்த்தால், ஆளுக்கொரு நிலையைச் சேமித்து வையுங்கள். அந்த வசதி இல்லாவிட்டால் ஸ்டாண்டில் இரண்டு நிறத்தில் பெயின்ட் கோடு போடுங்கள்.

சுவரைத் தட்டிப் பார்த்து ஆணி அடியுங்கள். சுவரில் மாட்டுகிற நகரும் கையில் திரை முன்னால் நீளும்போது இழுவை பல மடங்காகிறது. மண் சுவரும் பழைய சுண்ணாம்புக் காரையும் அதைத் தாங்காது. அந்த வீடுகளில் மேசையைக் கவ்விப் பிடிக்கிற வகையை வாங்குங்கள்.

பொது இடத்துத் திரை எட்டவில்லை என்றால் எழுதிக் கொடுங்கள். ஏ.டி.எம். இயந்திரங்களுக்குச் சாய்தளம் வேண்டும், சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு இடைஞ்சலில்லாத உயரம் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009 ஏப்ரலிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. 2014 ஜூலை 1 முதல் புதிதாக வைக்கிற ஒவ்வொன்றும் பேசும் இயந்திரமாக, பிரெய்ல் பொத்தான்களோடு இருக்க வேண்டும் என்பதும் அதன் உத்தரவு. பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் நூறு வருஷத்துக்கு மேலாகப் பள்ளிகள் நடக்கிற ஊர் பாளையங்கோட்டை. இந்த ஊரில் ஒரு மாற்றுத்திறனாளி தன் ரகசிய எண்ணை அடுத்தவர் காதில் சொல்லிப் பணம் எடுக்கிற நிலை இருக்கவே கூடாது.

செய்யக்கூடாதவை

திரை உங்கள் கோணலைத் தொடர்ந்து வர விடாதீர்கள். தானாக நகரும் ஸ்டாண்டு ஒன்றை ஆசைப்பட்டு வாங்கி ஐந்து மாதம் அதன் போக்கில் விட்டிருந்தேன். காலையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதுவும் நிமிர்ந்து நின்றது. பதினொரு மணிக்கு இடுப்பு சரிந்தது. அது ஒரு விரல் இறங்கியது. மூன்று மணிக்கு நான் இடது கையை ஊன்றி ஒருக்களித்து உட்கார, அதுவும் தலையைச் சாய்த்துக்கொண்டு இடது பக்கம் வந்தது. பழைய திரையாக இருந்தால் எழுத்து மறைந்திருக்கும், நானாகவே நிமிர்ந்திருப்பேன். இது என்னைச் சிரமப்பட விடவில்லை. அதனால் சரிந்ததே தெரியாமல் மாலை வரை சரிந்து கிடந்தேன். இடுப்பு வலி வந்தபோதுதான் புரிந்தது. இப்போது ஒரு எல்லை வைத்திருக்கிறேன்: அது மேலும் கீழும் நாலு விரல் நகரலாம், அதற்கு மேல் கூடாது. நான் அதைத் தாண்டிச் சரிந்தால் திரை நின்றுவிடும், நான்தான் எழ வேண்டும். இந்த எல்லையை வைக்க வழியில்லாத கருவியை வாங்காதீர்கள்.

எவ்வளவு நல்ல திரையாக இருந்தாலும் ஒரே இருப்பில் இருக்காதீர்கள். 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை, 20 அடிக்கு அப்பால், 20 விநாடி பார்க்கச் சொல்கிறார்கள். என் கடை வாசலில் நின்றால் எதிர்ச் சாரியில் ஒரு வேப்பமரம். அதைப் பார்த்துவிட்டு வருவேன்.

திரையிலுள்ள கேமரா வேலை முடிந்த பிறகும் விழித்திருக்க அனுமதிக்காதீர்கள். ஆளைத் தேடுகிற திரை எப்போதும் ஆளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. படம் கருவிக்குள்ளேயே நிற்கிறதா, வெளியே போகிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். மூடி இல்லாத கேமராவுக்கு ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் போதும். படுக்கையறையில் இந்த வகை வேண்டவே வேண்டாம்.

கரண்ட் போய்ப் பாதியில் நின்ற மோட்டார் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உள்ளே பல்சக்கரம் தெறிக்கும். ஒயரை இறுக்கிக் கட்டாதீர்கள், திரை முழுசாக நகர்கிற தூரத்துக்குத் தளர விடுங்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் கீல் இருக்கிற பக்கம் சுவரை ஒட்டி இருக்கட்டும், விரல் போகக் கூடாது.

கை மரத்துப் போகிறது, விரல் நுனியில் ஊசி குத்துகிறது என்றால் ஸ்டாண்டைத் திருகிக்கொண்டிருக்காதீர்கள். மருத்துவரிடம் போங்கள்.

கடைசியாக, என்னைப்போல் கவுன்ட்டருக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு. எதிரே நிற்கிறவர் பார்க்காமல் எந்த விண்ணப்பத்தையும் அனுப்பிவிடாதீர்கள். நம் திரை நம்மைப் பார்த்தே இருக்கிறது. பெயர் யாருடையதோ அவர் நம் மானிட்டரின் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நெல்லைச் சீமையில் தெருவுக்குப் பத்து இசக்கி இருப்பார்கள். தமிழில் குழப்பமில்லை. ஆங்கிலத்தில் சிலருக்கு 'ஈ' போட்டு எழுதியிருக்கும், சிலருக்கு 'ஐ'. ஆதாரில் ஒன்று, வங்கிப் புத்தகத்தில் இன்னொன்று என்றால் முதியோர் பணம் நின்றுபோகும். அதைச் சரிசெய்யக் கலெக்டர் ஆபீசுக்கும் தாலுகா ஆபீசுக்கும் ஆறு நடை. அப்படி ஒரு எழுத்தை நான் என் கையால் மாற்றி அடித்து, ஓர் ஆச்சியை அலைய வைத்திருக்கிறேன். அதன் பிறகுதான் அடியில் சுழல் தட்டு வைத்த மானிட்டர் வாங்கினேன். அடித்து முடித்ததும் திரையை வெளியே திருப்பி, அவர்கள் முகத்துக்கு இறக்கி, எழுத்தைப் பெரிதாக்கிவிடுவேன்.

போன வாரம் அதே ஆச்சி வேறொரு விண்ணப்பத்துக்கு வந்தாள். திரையைத் திருப்பினேன். "ஆச்சி, பேரு சரியான்னு பாத்துச் சொல்லுங்க."

"எனக்கு இங்கிலீசு எங்கய்யா தெரியும்" என்றாள். பிறகு சுருக்குப் பையிலிருந்து வங்கிப் புத்தகத்தை எடுத்து, திரைக்குப் பக்கத்தில் பிடித்து, முதல் எழுத்தின் மேல் விரலை வைத்தாள். இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதுல சீப்பு மாதிரில்லா இருக்கு. நீ குச்சியப் போட்டிருக்கியே. சீப்புதான்யா எம் பேரு."