ரிஜிஸ்டர் ஆபீஸ் பார்க்காததை நீங்கள் பாருங்கள்

திருவொற்றியூரிலும் ராயபுரத்திலும் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். எழுதுவதை விட்டாச்சு, கேட்க வருகிறவர்கள் மட்டும் நிற்கவில்லை. துறைமுகத்தில் வேலை பார்க்கும் பையன், எண்ணூர் லேலண்டில் பி.எஃப். பணம் எடுத்து வைத்திருப்பவர், காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கும் அம்மா என்று யார் வந்தாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். 2021-இல் மெட்ரோ விம்கோ நகர் வரை வந்ததில் விலையோடு அவசரமும் ஏறிவிட்டது. அவசரத்தில் விட்டுப்போகிற விஷயங்களைச் சொல்லி வைக்கிறேன்.

1. "பதிவு ஆயிட்டா வீடு நம்மளதுதானே?" இல்லை தம்பி. வந்திருக்கும் ஆள் சரியா, அடையாளம் சரியா, முத்திரைத் தீர்வை கட்டியாச்சா என்று சார்பதிவாளர் பார்ப்பார். விற்கிறவருக்கு உரிமை உண்டா என்று தீர்ப்புச் சொல்வது அவர் வேலை இல்லை. தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. விற்கிறவருக்கு எவ்வளவு உரிமையோ அவ்வளவுதான் உங்களுக்கு வரும். அவருக்குக் கால் பங்கு என்றால், முழு வீட்டுக்கும் பணம் எண்ணிக் கொடுத்தாலும் உங்களுக்குக் கால் பங்குதான்.

2. தாய்ப்பத்திரத்திலிருந்து இன்று வரை கண்ணி விடாமல் பத்திரங்களை வாங்கிப் படியுங்கள். நம் பக்கத்தில் இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. திருவொற்றியூர் முன்பு செங்கல்பட்டு மாவட்டம், 1997-இல் திருவள்ளூர் மாவட்டம், 2018 முதல் சென்னை மாவட்டம். நகராட்சியாக இருந்தது 2011-இல் மாநகராட்சியோடு சேர்ந்தது. அதனால் ஒரே மனைக்கு மூன்று பத்திரத்தில் மூன்று மாவட்டம், பழைய கதவு எண், புதிய கதவு எண், பழைய சர்வே எண், டவுன் சர்வே எண் என்று இருக்கும். தரகர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்பார். ஒன்றாகவும் இருக்கலாம். நான்கெல்லையையும் அளவையும் பத்திரத்துக்குப் பத்திரம் ஒப்பிட்டு, அதைப் பட்டாவோடும் சர்வே வரைபடத்தோடும் பொருத்திப் பார்த்த பிறகு நம்புங்கள். பட்டா வருவாய்த் துறையின் பதிவு. அதை மட்டும் வைத்து உரிமையைச் சொல்ல முடியாது.

3. வில்லங்கச் சான்று பதிவான விவகாரத்தை மட்டும்தான் காட்டும். பதிவு செய்யாத உயில் அதில் வராது. நடந்துகொண்டிருக்கும் வழக்கு பெரும்பாலும் வராது. அசல் பத்திரத்தை வட்டிக்காரரிடம் பதிவில்லாமல் அடகாக வைத்துப் பணம் வாங்கியிருந்தால் அதுவும் வராது. ஆகவே அசலைக் கண்ணால் பாருங்கள். "தொலைஞ்சு போச்சு" என்றால் போலீஸ் புகாரும் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றும் பத்திரிகை விளம்பரமும் இல்லாமல் பேச்சை வளர்க்காதீர்கள்.

4. வாரிசு விவகாரம்தான் இங்கே அதிகம் பேரைக் கோர்ட்டில் நிறுத்துவது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

தாத்தா கட்டிய வீடு. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், உயில் இல்லை. வீட்டில் குடியிருக்கும் கடைசிப் பிள்ளை விற்க வருகிறார். அக்காக்களைப் பற்றிக் கேட்டால், "அவங்களுக்கு அப்பவே சீர் செஞ்சாச்சு" என்கிறார். சீர் செய்தது பங்கு கொடுத்ததாகாது. இந்துக் குடும்பத்தில் அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மகளுக்குச் சமபங்கு 1956-இலிருந்தே இருக்கிறது. பூர்வீகச் சொத்திலும், அன்று திருமணமாகாத மகள்களுக்குத் தமிழ்நாடு 1989-லேயே கொடுத்தது. நாடு முழுக்க எல்லா மகள்களுக்கும் 2005-இல் வந்தது. இன்னொன்றை நிறையப் பேர் மறந்துவிடுவார்கள்: இறந்தவரின் தாய் அப்போது உயிரோடு இருந்திருந்தால் அவரும் ஒரு வாரிசு. பிறகு அந்தப் பாட்டி உயிலில்லாமல் போனால் அவர் பங்கு அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும் போகும். பழவேற்காட்டில் இருக்கும் சித்தப்பா கையெழுத்து அப்படித்தான் தேவைப்படுகிறது.

கிறிஸ்தவக் குடும்பத்தில் கணக்கு வேறு: மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி ஆண் பெண் பேதமில்லாமல் பிள்ளைகளுக்கு. முஸ்லிம் குடும்பத்தில் ஷரியத் பங்கு. ராயபுரத்தில் இந்த மூன்றும் ஒரே தெருவில் இருக்கும். ஒரு வீட்டுக் கணக்கை அடுத்த வீட்டுக்குப் போடாதீர்கள்.

தாசில்தார் தரும் வாரிசுச் சான்றில் உள்ள ஒவ்வொரு பெயரும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது பதிவு செய்த விடுதலைப் பத்திரம் கொடுத்திருக்க வேண்டும். வாய்வார்த்தை செல்லாது. இந்துக் குடும்பத்தில் மைனருக்குப் பங்கு இருந்தால் கோர்ட் அனுமதி கேளுங்கள். அனுமதியில்லாமல் கார்டியன் விற்றதைப் பிள்ளை மேஜரான பிறகு மூன்று வருடத்துக்குள் எதிர்த்து வழக்குப் போடலாம்.

5. நிலம் யாருடையது? கோயில் மனை, வாரிய (பழைய குடிசை மாற்று வாரியம்) வீடு, குப்பத்துப் புறம்போக்கு என்று இந்தக் கரையில் மூன்று வகை அடிக்கடி குறுக்கே வரும். கோயில் நிலத்தில் அடிமனை வாடகை கட்டிக்கொண்டு மேலே வீடு கட்டியிருப்பவர், கட்டடத்தை மட்டும்தான் தன்னது என்று சொல்ல முடியும். கோயில் நிலங்களின் விவரம் அறநிலையத் துறை இணையதளத்தில் இருக்கிறது, தேடிப் பாருங்கள்.

வாரிய வீடு இன்னும் ஆபத்து. ஒதுக்கீட்டு ஆணையை மட்டும் வைத்துக்கொண்டு, நோட்டரி முன்னால் இருபது ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி விற்பார்கள். 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரியக் கட்டடம் சரிந்து 24 வீடுகள் போயின. முன்பே எல்லோரும் வெளியேறியதால் உயிர் தப்பியது. அப்படி ஒரு நாள் வந்தால் வாரியம் கேட்பது ஒதுக்கீடு யார் பெயரில் என்று. உங்கள் ஸ்டாம்ப் பேப்பரை யாரும் கேட்கமாட்டார்கள். வாரியம் கொடுத்த கிரயப் பத்திரம் இல்லாத வீட்டை வாங்காதீர்கள்.

தொழிற்சாலைப் பக்கத்து மனை என்றால், 1978 நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டத்தில் அரசு எடுத்த நிலமா என்றும் விசாரியுங்கள். சட்டம் 1999-இல் ரத்தானது. அதற்கு முன் அரசு கையில் எடுத்த நிலம் திரும்பி வரவில்லை.

6. பவர் பத்திரத்தை வைத்து "வாங்கிவிட்டேன்" என்று சொல்லாதீர்கள். அது விற்பனை ஆகாது என்று 2011-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. பவர் ஏஜென்ட் கிரயம் எழுதிக் கொடுக்கலாம், பவர் கொடுத்தவர் உயிரோடு இருந்தால். போய் நேரில் பாருங்கள்.

7. பிளாட் வாங்கும்போது எல்லோரும் டைல்ஸைப் பார்ப்பார்கள். நீங்கள் யு.டி.எஸ்., அதாவது பிரிக்கப்படாத நிலப் பங்கைப் பாருங்கள். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. ஆறு வீடு, ஒரே அளவு என்றால் தலைக்கு 400. உங்கள் பத்திரத்தில் 300 என்று போட்டிருந்தால், மற்ற ஐந்து பத்திரத்திலும் அப்படியே என்றால், 600 சதுர அடி யாரோ கையில் நிற்கிறது. நாளைக்கு மாடிமேல் மாடி எழும்பும். கட்டடத்தை இடித்துக் கட்டும்போது அவரும் பங்குக்கு வருவார்.

ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு 500 சதுர மீட்டருக்கு மேல் அல்லது எட்டு வீட்டுக்கு மேல் போகும் திட்டங்களுக்குத்தான் கட்டாயம். நம் தெருக்களில் ஒரு கிரவுண்டில் நாலு வீடு, ஆறு வீடு கட்டுகிறவர் அதற்குள் வரமாட்டார். அங்கே உங்களைக் காப்பாற்ற அனுமதி வரைபடம் மட்டும்தான். அதை வாங்கி, கட்டியிருப்பதோடு மாடி மாடியாக ஒப்பிடுங்கள்.

8. "பேங்க்கே லோன் கொடுக்குதே, அப்புறம் என்ன?" பேங்க் வக்கீல் பேங்க்குக்காகப் பார்க்கிறார். வீட்டில் வில்லங்கம் வந்தாலும் இ.எம்.ஐ. உங்கள் சம்பளத்திலிருந்துதான் போகும். தனியாக ஒரு வக்கீலுக்குப் பணம் கொடுத்து எழுத்தில் கருத்து வாங்குங்கள். விற்கிறவருக்குத் தெரிந்த வக்கீல் வேண்டாம்.

9. அட்வான்ஸைக் காசோலையாக அல்லது வங்கி வழியாகக் கொடுங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கியவருக்கு அபராதம். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது தமிழ்நாட்டில் 2012 முதல் கட்டாயம். விலை 50 லட்சமோ மேலோ என்றால் ஒரு சதவீதம் வரியைப் பிடித்துக் கட்டுவது வாங்குகிற உங்கள் பொறுப்பு.

10. செலவு: பழைய வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். புது பிளாட் முதல் விற்பனைக்கு, 2023 டிசம்பர் முதல், 50 லட்சம் வரை மொத்தம் 6 சதவீதம். 3 கோடி வரை 7. பெண்கள் பெயரில் 10 லட்சத்துக்குள் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. 10 லட்சத்துக்கு இங்கே என்ன வீடு கிடைக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள். விலையைக் குறைத்துக் காட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள்; பின்னால் நீங்கள் விற்கும்போது வரி உங்கள் தலையில் விழும்.

11. பத்திரத்தில் இல்லாததைத் தெருவில் கேளுங்கள். 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் எர்ணாவூர் வீடுகளுக்குள் எண்ணெய் கலந்த தண்ணீர் புகுந்தது. எந்த வில்லங்கச் சான்றிலும் அது இருக்காது; எதிர்வீட்டுச் சுவரில் இருக்கும். கழிமுகத்துக்கோ கடலுக்கோ பக்கம் என்றால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தையும் பார்த்தாக வேண்டும்.

12. பதிவு முடிந்தால் பட்டா, சொத்து வரி, குடிநீர் வரி, மின் இணைப்பு நான்கிலும் பெயர் மாற்றுங்கள். சோம்பேறித்தனம் வேண்டாம்.

இன்னும் சந்தேகம் இருந்தால் வாருங்கள், சொல்கிறேன். ஆனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் வாருங்கள். கொடுத்த பிறகு வருகிறவர்களுக்கு நான் சொல்ல முடிவது நல்ல சிவில் வக்கீல் யார் என்பது மட்டும்தான்.