முதியோருக்கு மூட்டு அறுவை சிகிச்சையும் நினைவாற்றலும்

மூட்டு வாதத்தினால் நடமாட்டம் குன்றிய முதியோருக்கு, தேய்ந்த மூட்டை அகற்றிச் செயற்கை மூட்டைப் பொருத்தும் அறுவை சிகிச்சை பெரும் நிவாரணம் அளிக்கிறது. ஆயினும், மயக்க மருந்தினால் நினைவு அழிந்துவிடும் என்று அஞ்சி இதனை மறுப்போர் உளர். இவ்வச்சத்திற்கு ஆதாரம் உண்டா என்பதை இங்கு ஆராய்வோம்.

இவ்வினா புதியதன்று. மயக்க மருந்தின் கீழ் அறுவை சிகிச்சை பெற்ற 1,193 பேரைப் பற்றிய விவரங்களை, பெட்ஃபோர்டு என்னும் பிரிட்டிஷ் மருத்துவர் 1955-ஆம் ஆண்டில் 'லான்செட்' இதழில் வெளியிட்டு, முதியோர் சிலரிடம் அறிவுத் தளர்ச்சி நிலைத்துவிட்டதாக எச்சரித்தார். ஆனால், முதுமையிலேயே சிலருக்கு நினைவு தளர்வதால், சிகிச்சை பெறாதவர்களுடன் ஒப்பிட்டாலன்றிக் காரணத்தைத் துணிதல் இயலாது.

அத்தகைய ஒப்பீடு 1998-இல் வெளியாயிற்று. அறுபதும் அதற்கு மேலும் வயதுடைய 1,218 பேரை மருத்துவர்கள் சோதித்தனர். இருதய அறுவை தவிர்ந்த பெரிய அறுவை சிகிச்சைக்குப் பின் ஒரு வாரத்தில் 25.8 சதவீதத்தினரிடமும், மூன்று மாதங்களில் 9.9 சதவீதத்தினரிடமும் அறிவுத் தளர்ச்சி காணப்பட்டது. சிகிச்சை பெறாதாரிடம் இவை முறையே 3.4, 2.8 சதவீதமே. எனவே, தளர்ச்சி உண்மையே. ஆயினும், பெரும்பாலோரிடம் அது நீடிப்பதில்லை.

இங்கு மூன்று நிலைகளை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். அறுவைக்குப் பின் சில நாட்களுக்குள் திடீரெனத் தோன்றுவது சித்தக் குழப்பம். வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் நிற்பது அறிவுத் தளர்ச்சி. ஆண்டுக்கணக்கில் படிப்படியாக முற்றுவது மறதி நோய். முதலாவது தோன்றினால் மூன்றாவது நிச்சயம் என்பதில்லை. எனினும், குழப்பம் அடைந்தோருக்குப் பின்னாளில் மறதி நோய் வரும் வாய்ப்பு மிகுதி. மறைந்திருந்த நோயை அக்குழப்பம் வெளிக்காட்டுவதும் உண்டு.

மயக்க மருந்துதான் காரணமா? அவ்வாறாயின், முதுகுத்தண்டில் ஊசியிட்டு உடலின் கீழ்ப்பகுதியை மட்டும் மரக்கச் செய்யும் முறையில் குழப்பம் குறைய வேண்டும். இடுப்பு எலும்பு முறிந்த 1,600 பேரைக் கொண்டு அமெரிக்காவிலும் கனடாவிலும் நிகழ்ந்து 2021-இல் வெளியான ஆராய்ச்சியில், முதுகுத்தண்டு ஊசி பெற்றோருள் 20.5 சதவீதத்தினரும், முழு மயக்கம் பெற்றோருள் 19.7 சதவீதத்தினரும் குழப்பம் அடைந்தனர். இரண்டிற்கும் வேறுபாடு இல்லை எனலாம். ஆகவே, மருந்தின் மீது மட்டும் பழி சுமத்துதல் பொருந்தாது. அறுவையால் உடலில் எழும் அழற்சி, வலி, உறக்கமின்மை, தொற்று ஆகியவையும் மூளையைத் தாக்குகின்றன.

இவற்றுள் பலவற்றைத் தடுத்தல் கூடும். சிகிச்சைக்கு முன்பே நினைவாற்றலைச் சோதித்து அறிதல் வேண்டும். உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும், குறிப்பாகத் தூக்க மாத்திரைகளை, மருத்துவரிடம் மறைக்காமல் கூறுதல் வேண்டும். சிகிச்சை முடிந்ததும் மூக்குக் கண்ணாடியையும் செவிக்கருவியையும் நோயாளியிடம் உடனே கொடுத்தல், வலியைத் தணித்தல், போதிய நீர் அருந்தச் செய்தல், இரவில் அமைதியாக உறங்க விடுதல், மருத்துவர் அனுமதித்தவுடன் எழுந்து நடக்கச் செய்தல், உற்றார் அருகிருந்து பேசுதல் ஆகியவை எளியனவாயினும் பயன் மிக்கவை.

உடல் உழைப்பின்றி முடங்கிக் கிடப்பதும் மறதி நோய்க்கு ஏதுக்களுள் ஒன்று என்பதை மறத்தலாகாது. ஆதலின், அச்சத்தால் சிகிச்சையை விலக்குவதும் அறிவுடைமையன்று. ஆராயாது அதற்கு உடன்படுவதும் அன்று. நன்மை தீமைகளை மருத்துவருடன் கலந்து ஆய்ந்து, நோயாளி தாமே முடிவு செய்தல் நலம்.