அவன் வாங்கிய சத்தியம்

அன்புள்ள மாப்ளைக்கு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய வாட்ஸ்அப்பைக் கடையை அடைத்த பிறகு நிதானமாகப் படித்தேன். போனில் பேசினால் பாதியில் யாராவது வந்துவிடுவார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் சிநேகிதன் போதைக்காக வலி மாத்திரை போடுகிறான். யாரிடமும் சொல்லக்கூடாதென்று உன்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான். அதுதானே உன்னை அரிக்கிறது? சொல்லிவிடு மாப்ளே. கோபத்தில் அவன் ஒரு வருஷம் உன்னோடு பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை, ஆள் இருக்க வேண்டும்.

மருந்துக்கடையில் நிற்பவனுக்கு அந்த மாத்திரையைத் தெரியாதா? ஆபரேஷன் முடிந்தவர்களுக்கும் புற்றுநோய் வலியில் துடிப்பவர்களுக்கும் டாக்டர் எழுதித் தருவது. அபின் இனத்தைச் சேர்ந்தது. சாயங்காலமானால் உன் வயசுப் பையன்கள் கேட்டு வருகிறார்கள். ஒருவன் பைக்கை ஆஃப் பண்ணாமல் தெருவிலேயே நிற்பான். இன்னொருவன் உள்ளே வந்து, பாட்டிக்கு மூட்டுவலி என்று செல்போனில் மாத்திரை அட்டையின் படத்தைக் காட்டுவான். டாக்டர் சீட்டு எங்கே என்று கேட்டால் பதில் சொல்லாமல் போய்விடுவான். இந்த மாத்திரை அளவு மீறினால் மூச்சை மெதுவாக்கும். மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுபோகலாம். எழுப்பியும் எழாமல், உதடு நீலம் பாரித்து, இழுத்து இழுத்துக் குறட்டை விட்டான் என்றால் மோர் கொடுக்கலாமா, எலுமிச்சை பிழியலாமா என்று நிற்காதே. ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே 108-ஐக் கூப்பிடு.

ஆனால் நீ எழுதியதில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது வேறொரு வரி. அரையாண்டுப் பரீட்சையிலிருந்தே அவன் ராத்திரியில் தூங்குவதில்லை, கபடிக்கும் வருவதில்லை, அவன் அப்பா அவனிடம் முகம் கொடுத்துப் பேசி எவ்வளவோ நாளாயிற்று என்று போகிற போக்கில் சொல்லியிருந்தாய். மாத்திரை அதற்கப்புறம்தான் வந்திருக்கிறது. 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதாவதொரு மனநலச் சிக்கல் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. 42 பேர் உள்ள வகுப்பென்றால் ஆறு பேர். அந்த ஆறு பேருக்கும் வீட்டில் கிடைக்கிற பெயர் திமிர், சோம்பேறித்தனம், செல்போன் பைத்தியம். இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனசு ஆறவில்லை. மாத்திரையை மட்டும் பிடுங்கிப் போட்டால் தூங்காத அந்த ராத்திரிகளுக்கு அவன் வேறெதையாவது தேடுவான்.

நாளையிலிருந்து தொடமாட்டேன் என்று நீயும் அவனிடம் பதிலுக்குச் சத்தியம் வாங்காதே. கொஞ்ச நாள் போட்டவன் திடீரென்று நிறுத்தினால் உடம்பெல்லாம் வலிக்கும், மூக்கு ஒழுகும், வயிற்றால் போகும். தாங்க முடியாமல் மறுபடி போடுவான். அதை வைத்து அவனை வைராக்கியம் இல்லாதவன் என்று நினைத்துவிடாதே. அதற்கு வைத்தியம் இருக்கிறது. இடைவெளி விட்டுப் பழைய அளவையே மறுபடி எடுப்பதுதான் ரொம்ப ஆபத்து, உடம்பு அதற்குள் பழக்கம் விட்டிருக்கும்.

செத்துப்போகலாம் போல இருக்கிறது என்று அவன் எப்போதாவது சொன்னானா? தெரியாவிட்டால் நேராகவே கேள். கேட்பதால் அந்த நினைப்பு புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் அவனைத் தனியே விடாதே, அந்த நிமிஷமே பெரியவர்களைக் கூப்பிடு.

யாரிடம் சொல்வது என்று கேட்டாய். பிரேயரில் நிறுத்தி மானத்தை வாங்கக்கூடிய வாத்தியாரிடம் வேண்டாம். முதலில் உன் அம்மாவிடம் சொல். அக்கா பதறுவாள், ஆனால் அவன் அம்மா வீட்டுக்குப் போய்ப் பக்குவமாகப் பேசத் தெரிந்தவள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இருபத்துநான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. போதைப் பழக்கத்துக்கென்றே 14446 இருக்கிறது. மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு உண்டு, ஓ.பி. சீட்டுப் போட்டால் போதும். போலீசில் மாட்டிவிட்டதாக ஆகுமோ என்ற பயம் வேண்டாம். சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. பயப்பட வேண்டியவன் விற்கிறவன்தான். 18 வயது நிறையாதவர்களுக்கு மதுவோ புகையிலையோ போதைப்பொருளோ கொடுப்பவனுக்கு 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

நீயும் சரியாகத் தூங்குவதில்லை என்று அக்கா சொன்னாள். இவ்வளவையும் ஒற்றை ஆளாக மனசுக்குள் வைத்திருந்தால் எப்படித் தூக்கம் வரும்? அதே 14416-இல் உனக்காகவும் பேசலாம், வெட்கப்படாதே.

சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறுகிறேன். உன் அம்மாவிடம் அதற்கு முன்பே, இன்றைக்கே சொல்லிவிடு. அவனிடமும் என் மாமா வருகிறார், உன்னோடு பேச ஆசைப்படுகிறார் என்று மறைக்காமல் சொல். பேச மாட்டேன் என்றாலும் வரச்சொல். மைதானத்தில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுச் சாப்பிடப் போவோம்.

இப்படிக்கு,
உன் மாமா