தண்ணீர் எங்கே போகிறது?

"அண்ணே, வண்டி ஒரே ஹீட்டு. அடிக்கடி தண்ணி ஊத்த வேண்டியிருக்கு." இப்படி ஒரு கார் பட்டறைக்குள் வந்தால், புதிதாகச் சேர்ந்த பையனின் கை நேராகத் தெர்மோஸ்டாட்டுக்குப் போகும். அதைக் கழற்றி எறிவது நம் பட்டறைகளின் பழைய கைவைத்தியம். செய்யாதீர்கள். எஞ்சின் சூடேறத் தாமதமாகும், பெட்ரோல் கூடுதலாகப் போகும். தண்ணீர் போன ஓட்டை அப்படியே இருக்கும்.

முதலில் ஓனரிடம் பேசுங்கள். சூடேறியதால் பொங்கி வெளியே போகிறதா, குறைந்துபோனதால் சூடேறுகிறதா? சிக்னலில் நிற்கும்போது மட்டும் முள் ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் ஃபேன், ரிலே பக்கம் பாருங்கள். ஏசியைப் போட்டால் பெரும்பாலான வண்டிகளில் ஃபேன் சுற்றும். அரை நிமிடச் சோதனை. பைபாஸில் ஓடும்போது முள் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு அல்லது வாட்டர் பம்ப். போர் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டியில் டியூப்புக்குள் உப்புப் படிந்திருக்கும். ஒன்று கவனம்: தண்ணீர் மட்டம் சென்சாருக்குக் கீழே போய்விட்டால் எஞ்சின் வெந்துகொண்டிருந்தாலும் முள் கீழேயே கிடக்கும்.

குறைவதுதான் முதல் கோளாறு என்றால் பிரஷர் பம்பை எடுங்கள். எஞ்சின் நன்றாக ஆறியபின்தான் மூடியைத் திறக்க வேண்டும். மூடியில் அச்சிட்டிருக்கும் அளவுக்கு, பல கார்களில் 0.9 அல்லது 1.1 பார், காற்றை ஏற்றிக் கால் மணி நேரம் விடுங்கள். முள் இறங்கினால் கசிவு இருக்கிறது. ஹோஸ் இணைப்புகள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்க் ஓரம், வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளை எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். உலர்ந்த கூலண்ட் தடம் விட்டிருக்கும். கார்பெட் ஈரமாகி இனிப்பு வாடை வந்தால் ஹீட்டர் கோர். மூடியையும் அதே பம்பில் சோதியுங்கள். அது அழுத்தத்தைப் பிடிக்காவிட்டால், பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் 125 டிகிரிக்கு மேல் தாங்க வேண்டியது 107-லேயே கொதிக்கும். மூடியைப் பார்க்காமல் ரேடியேட்டரையே மாற்றிவிட்டு அசடு வழிந்த காலம் எனக்கும் உண்டு.

அழுத்தம் இறங்குகிறது, வெளியே ஒரு சொட்டும் இல்லை என்றால் ஹெட் கேஸ்கெட்மேல் சந்தேகம் வரலாம். வாயைத் திறந்து சொல்லிவிடாதீர்கள். ஓனருக்கு அது பெரிய செலவு. ஆயில் மூடிக்கு அடியில் பால்போல் இருப்பதை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. பக்கத்துக் கடைக்கு மட்டும் ஓடும் வண்டியிலும் ஈரம் படிந்து அப்படித் தெரியும். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் மேல் ஹோஸ் கல்லாக இறுகுகிறதா, டேங்கில் குமிழி விடாமல் வருகிறதா, ஒரே ஒரு ஸ்பார்க் பிளக் மட்டும் கழுவிவிட்டதுபோல் இருக்கிறதா பாருங்கள். பிறகு பிளாக் டெஸ்டர்: பெட்ரோல் வண்டியில் அதன் நீலத் திரவம் மஞ்சளானால் எரிந்த வாயு தண்ணீருக்குள் வருகிறது. அப்போது ஓனரைக் கூப்பிட்டுக் காட்டி, ஒப்புதல் வாங்கி, ஹெட்டைக் கழற்றுங்கள். நேர்ச்சட்டமும் ஃபீலர் கேஜும் வைத்துப் பார்த்து, வளைந்திருந்தால் லேத்துக்கு அனுப்புங்கள். வளைந்த ஹெட்டில் புதுக் கேஸ்கெட் நிற்காது.

வேலை முடிந்து கூலண்ட் ஊற்றும்போது ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை காற்றை வெளியேற்றுங்கள். அன்றைக்கே சாவியைக் கொடுத்துவிட வேண்டாம். ராத்திரி வண்டி பட்டறையிலேயே ஆறட்டும். காலையில் மட்டம் இறங்கவில்லை என்று பார்த்தபின் ஓனருக்கு போன் போடுங்கள்.